மீனவன் என்கிற படிமம்

கையில் செல்போனுடன் படகில் நிற்கும் மீனவன்: தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் சிருஷ்டிகளில் தீர்க்காயுள் பெற்றவன் இவன்தான். நடுக்கடலிலிருந்து நாலு கரைகளுக்குப் பேசி, விலை கூடுதலான கரைக்குப் படகைத் திருப்புகிறவன். இவனுக்கு மூலம், ராபர்ட் ஜென்சன் வட கேரள மத்தி மீன்பிடிப்பு பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வு. ஆய்வின்மேல் எனக்குப் புகாரில்லை. 1996 முதல் 2001 வரை குறிப்பிட்ட சில கரைகளில் அளந்ததைச் சொன்னார். விளம்பரக்காரர்கள் கையில் அந்தச் சில கரைகள் உலகத்துக் கரைகள் அத்தனையுமாகிவிட்டன. 2013இல் ஜானகி ஸ்ரீனிவாசனும் ஜென்னா பரெலும் கேரளத்துக்கே மறுபடி போய், வலையின் வகை, கடன், தரகனோடு உள்ள உறவு இவற்றைப் பொறுத்ததுதான் போனின் பயன் என்று எழுதினார்கள். அதை வைத்து ஒரு விளம்பரம் வந்து நான் பார்த்ததில்லை.

காட்டூரிலிருந்து இதை எழுதுகிறேன். பழவேற்காட்டு ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்பதைப் பல குப்பங்களில் பாடு முறை தீர்மானிக்கிறது. முன்பணம் வாங்கியவன் இறாலை முன்பணம் கொடுத்தவனிடம்தான் போட்டாக வேண்டும். பக்கத்துச் சந்தை விலை தெரிந்தால், தெரிந்துகொண்டே நஷ்டப்படலாம். போன் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. புயல் எச்சரிக்கைக்கு வேண்டும். இஞ்சின் நின்றால் கரைக்குச் சொல்ல வேண்டும். இந்தச் சின்ன உண்மை விளம்பரத்துக்குப் போதவில்லை. அதற்கு விமோசனம் தேவைப்படுகிறது.

2015 டிசம்பரில் பேஸ்புக் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' சரக்குக்காக முழுப்பக்க விளம்பரங்கள் போட்டது. மார்க் சக்கர்பெர்க் எழுதிய கட்டுரையில் மீனவனுக்குப் பதிலாக ஒரு மகாராஷ்டிர விவசாயி. ட்ராய் கட்டணபேதம் பற்றிச் சில கேள்விகள் கேட்டிருந்தது. பதிலுக்கு, பொத்தானை அழுத்தினால் போய்ச் சேரும் ஒரே அச்சுக் கடிதங்கள் லட்சக்கணக்கில் போயின. கேட்ட கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. கலந்தாய்வை ஜோடனை வாக்கெடுப்பாக்குவதாக 2016 ஜனவரியில் ட்ராய் கண்டித்து எழுதியது; பிப்ரவரி 8ஆம் தேதி அவ்வகைக் கட்டணங்களையே தடைசெய்தது. தடை இருக்கட்டும். கம்பெனி தன்னைப் புகழ்ந்துகொண்டது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை, எல்லாக் கடைக்காரனும் செய்வதுதான். தன் வாக்கியத்தைப் பிறத்தியார் வாயில் வைத்து, அதையே ஜனங்களின் குரல் என்று கணக்குக் காட்டியதுதான் அயோக்கியத்தனம்.

இதில் நமக்குச் சம்பந்தமில்லை என்று நண்பர்கள் நிம்மதியடைய வேண்டாம். புதுக்கவிதையில் கட்டுமரக்காரன் எத்தனை காலமாகத் தனிமைக்கும் மரணத்துக்கும் படிமமாக நின்று கால் கடுத்துக்கொண்டிருக்கிறான்! ஒரு வார்த்தை பேச விட்டோமா? கவிஞனுக்குக் காசு வரவில்லை என்பது ஒரு வித்தியாசம்தான், பெரிய வித்தியாசமல்ல.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விஸ்தரிக்கும் திட்டத்துக்கு 2023 செப்டம்பர் 5ஆம் தேதி வைத்திருந்த பொதுவிசாரணை தள்ளிவைக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் இந்தப் பக்கத்து மீனவர்கள் எதிர்த்துப் பேசினார்கள், சொந்த வாக்கியங்களில், நீளமாகவே. அந்த முகங்களில் ஒன்றைக்கூட எந்தக் கம்பெனிக் காலண்டரிலும் நான் இன்னும் பார்க்கவில்லை. கவிதைகளிலும்தான்.