விளையாட்டுக்கும் பூட்டா?

புதூர்நாட்டில் ஊழியர் கூட்டம் முடிந்த ஒரு மாலை. திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து ஊர் திரும்பியிருந்த மலைவாசி இளைஞர் ஒருவர், சீட்டுக்கட்டு அளவுள்ள பலகை ஒன்றைப் பழைய டி.வி.யில் மாட்டி, முப்பது வருஷத்துக்கு முந்திய டி.வி. கேம்களை ஓடவிட்டார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டனர். அடிவாரத்திலிருந்து வந்திருந்த படித்த கனவான் ஒருவர், "சாமை விளைகிற ஊருக்கு இந்த வெட்டி வேலை எதற்கு?" என்றார். நம் தோழர்கள் சிலரும் தலையாட்டினார்கள்!

நாம் தலையாட்ட மறுக்கிறோம்.

அந்தப் பலகையின் பெயர் ராஸ்பெரி பை. ஒரு முழுக் கம்ப்யூட்டர் அதில் அடக்கம். பிள்ளைகள் மலிவாகக் கற்பதற்கென்று 2012-ல் பிரிட்டனில் 35 டாலருக்கு வெளிவந்தது. மெமரி கார்டு, மின்சார அடாப்டர், ஜாய்ஸ்டிக், டி.வி. - இவ்வளவுதான் சாமான். கார்டில் 'ரெட்ரோபை' என்ற புரோகிராமை ஏற்றினால், பழைய யந்திரங்கள் செய்த வேலையை இந்தப் பலகை செய்துகாட்டும். அந்தப் புரோகிராமைக் கூடி எழுதியவர்கள் தன்னார்வலர்கள். அதற்கு விலை இல்லை. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

பூட்டு எங்கே இருக்கிறது? ஆட்டத்தில் இருக்கிறது. 1985-ல் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட 'சூப்பர் மரியோ' ஆட்டத்துக்கு அமெரிக்கச் சட்டம் 95 வருஷ உரிமை தருகிறது. அங்கே 2080 முடியும்வரை கம்பெனியின் அனுமதியின்றி நகலெடுத்து வினியோகிக்க முடியாது. சரி, பழைய ஆட்டங்களைக் காசு கொடுத்தாவது வாங்கலாமா? 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் விற்பனையிலேயே இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று ஸ்தாபனம் 2023-ல் கண்டது. வைக்கோற்போர் நாய் தோற்றது!

"எழுதியவனுக்குக் கூலி வேண்டாமா?" என்று கேட்பார்கள். யார் கேட்பது? அடாரி கம்பெனியில் ஆட்டம் எழுதிய தொழிலாளியின் பெயரைக்கூடப் போடமாட்டார்கள். 'அட்வெஞ்சர்' என்ற ஆட்டத்தை எழுதிய வாரன் ராபினெட், அதற்குள் ஒரு ரகசிய அறை கட்டித் தன் பெயரை ஒளித்துவைத்தார். உழைத்தவன் தன் பெயரையே திருட்டுத்தனமாக எழுத வேண்டியிருந்தது! நூல் நூற்கும் பஞ்சாலைத் தோழருக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

ராஸ்பெரி பையும் தர்ம சத்திரமல்ல. 2024-ல் அது லண்டன் பங்குச் சந்தையில் ஏறிவிட்டது. பலகையைக் கும்பிடச் சொல்லவில்லை. அதைத் திறந்து ஆளும் அறிவைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறோம்.

இதே ஜவ்வாது மலையில், காவலூரில், இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. விஞ்ஞானம் மலை ஏறலாம். மலைவாசியின் கைக்கு மட்டும் வரக்கூடாதா? அந்தக் கைக்குக் கோடாலி போதும் என்று விட்டதன் விலை என்ன? 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் இந்த மலையின் பிள்ளைகளும் உண்டு. மரம் வெட்டக் கூட்டிப்போன காண்டிராக்டர்கள் யாரும் அந்தப் பிணங்களின் வரிசையில் இல்லை.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களைப் பள்ளிகளில் தொடங்கியது. மின்னணுவியலும் புரோகிராம் எழுதுவதும் அங்கே பிள்ளைகள் கற்கிறார்கள். நம் மலைப் பள்ளிகளுக்கு ஏன் கூடாது? பலகைகள் தா, கற்றுத்தர ஆசிரியரைத் தா என்று சர்க்காரைக் கேட்போம்!

எழுதக் கற்ற பிள்ளை முதலில் எதை எழுதுவது? பாறையில் கோடு கிழித்து நம் பாட்டன்மார் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை எழுதட்டும். அதற்கு முதலாளி கிடையாது, 95 வருஷப் பூட்டும் கிடையாது. அதில் புலி மூன்று, ஆடு பதினைந்து. தனித்து நின்ற ஆட்டைப் புலி தின்னும். சேர்ந்து நின்ற ஆடுகள் புலியை நகரவிடாமல் அடைக்கும்.

இது வெட்டி விளையாட்டா, தோழர்களே?