396.90ன்னா என்னான்னு கேட்டியாடா மாப்ள?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ அக்கா பையன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான். மூணு மாசத்துல டேட்டா சயின்டிஸ்ட் ஆக்கிக் காட்டுறோம்னு சொல்ற ஒரு பயிற்சி நிலையத்துல படிச்சு முடிச்சிருக்கான். ஃபீஸ் 85,000 ரூபா. அக்கா சீட்டு எடுத்துக் கட்டின பணம். "மாமா, வீட்டு விலையைக் கணிக்கிற மாடல் பண்ணியிருக்கேன், பாருங்க"ன்னான். பார்த்தேன். அதோட விளைவுதான் இந்தப் பதிவு. காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

அவன் காட்டினது பாஸ்டன் வீட்டு விலை டேட்டா. பொட்டி தட்டுற நம்மாளுங்க நிறைய பேருக்குப் பழகின ஐட்டம்தான். 506 ரோ, 13 காலம், கடைசியில விலை. முதல் அஞ்சு ரோவை மட்டும் காட்டச் சொன்னேன். 'பி'ங்கிற காலம்ல இருந்தது இது: 396.90, 396.90, 392.83, 394.63, மறுபடியும் 396.90.

"என்னடா மாப்ள இது, அஞ்சுல மூணு ஒரே எண்ணா இருக்கு?"

"தெரியல மாமா. எல்லாத்தையும் ஸ்கேல் பண்ணிட்டு ஃபிட் அடிச்சிட்டோம்."

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஏன்னு சொல்றேன்.

1978ல ஹாரிசன், ரூபின்ஃபெல்டுன்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரைக்காகச் சேர்த்த டேட்டா இது. 1970 சென்சஸ் விவரம். சுத்தமான காத்துக்கு ஜனங்க எவ்வளவு காசு கொடுப்பாங்கன்னு பார்க்கிறதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனா 'பி' எப்படி வந்துச்சுன்னு பாருங்க. ஒரு பகுதியில கறுப்பின மக்கள் எத்தனை பங்குன்னு எடுத்து, அதுல 0.63ஐக் கழிச்சு, வர்றதை வர்க்கம் பண்ணி, 1000ஆல பெருக்கியிருக்காங்க. கறுப்பினத்தவர் ஒருத்தர்கூட இல்லைன்னா பங்கு பூஜ்யம். கணக்குப் போட்டுப் பாருங்க, டாண்ணு 396.90 வரும். அந்த ஃபார்முலாவுல வரக்கூடிய ஆகப்பெரிய எண்ணே அதுதான்!

இனவாரியா ஒதுங்கி வாழ்ந்தா வீட்டு விலை கூடும்கிற அனுமானத்தை ஃபார்முலாவாவே சமைச்சு, ஒத்தை எழுத்துல பேர் வச்சு உள்ளே உக்கார வச்சுட்டாங்க. நாமளும் பல வருஷமா அதையே பாலபாடமா வச்சுப் படிச்சிட்டு இருந்தோம்.

நான் மட்டும் யோக்கியமான்னு கேட்டா, கிடையாது. 2016ல இதே டேட்டாவுல மாடல் பண்ணிட்டு, ஆபீஸ்ல நாலு பேரைக் கூப்பிட்டு வச்சுப் பீத்திக்கிட்டவன் நான். 'பி'ன்னா என்னான்னு ஒரு தடவைகூட கேக்கலை. அந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துதான் இப்படிக் கத்துறேன்.

சைக்கிட்-லேர்ன் ஆளுங்க 2021ல 1.0 பதிப்புலயே எச்சரிக்கை போட்டாங்க. 2022 டிசம்பர்ல வந்த 1.2ல இதைத் தூக்கியே எறிஞ்சுட்டாங்க. இப்போ லோட்_பாஸ்டன்னு அடிச்சா எர்ரர்தான் வரும். அந்த எர்ரர்லயே ஏன் தூக்கினோம்னு விளக்கம் இருக்கு. டேட்டா சயின்ஸ்ல இருக்கிற அறச்சிக்கலைப் பத்திப் பாடம் நடத்தணும்னா மட்டும் இப்படி எடுத்துக்கோங்கன்னு கீழே நாலு வரி கோடும் இருக்கு.

நம்ம பயிற்சி நிலையத்து வாத்தியார் என்ன சொன்னாராம் தெரியுமா? "மேல இருக்கிறது சும்மா வார்னிங். கீழ இருக்கிற கோடை காப்பி பண்ணி ஒட்டிக்கோங்க."

வயிறு எரியுதா இல்லையா? 'விஷம், ஏன் விஷம்னு விளக்குறவங்க மட்டும் தொடவும்'னு சீட்டு ஒட்டி வச்ச பாட்டில்ல, சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு டம்ளர்ல ஊத்திக் கொடுக்கிற கதை இது.

"பயிற்சிக்குத்தானேப்பா, அதை வச்சு யார் கடன் கொடுக்கப் போறா?"ன்னு சிலர் கேப்பீங்க. கை பழகினது மாறாதுங்க. இதே பையன் நாளைக்குக் கடன் கொடுக்கிற கம்பெனியில உக்காருவான். அங்கே 'பி'ன்னு எதுவும் இருக்காது. ஊர் இருக்கும், தெரு இருக்கும். எந்தத் தெருவுல யார் குடியிருக்காங்கன்னு நம்மூர்ல யாருக்காவது சொல்லித் தரணுமா என்ன? அன்னைக்கும் ஸ்கேல் பண்ணி ஃபிட் அடிச்சுட்டுப் போயிடுவான். யாரோ ஒருத்தருக்குக் கடன் கிடைக்காது. ஏன்னு அவருக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது.

"இன்டர்வியூல டூல்தானே கேக்கறான்?" சரி. பாண்டாஸா போலார்ஸான்னு சண்டை போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஃபிட், ப்ரெடிக்ட் எழுதித் தர்றதுக்கு இன்னைக்கு சாட்ஜிபிடி இருக்கு, பத்து செகண்ட் வேலை. அப்போ அந்த 85,000 ரூபா எதுக்கு? மிச்சம் இருக்கிறது கேள்வி கேக்கறது மட்டும்தான். அதைத்தான் சொல்லித் தரவே இல்லையே.

பாஸ்டனுக்குப் பதிலா சைக்கிட்-லேர்ன் கைகாட்டுறதுல ஒண்ணு கலிஃபோர்னியா டேட்டா. 1990 சென்சஸ், 20,640 ரோ. அதுலயும் ஒரு இடத்துல வீட்டுக்கு சராசரி 141 ரூம் வரும். அரண்மனையா? இல்லை. ஜனம் கம்மியா, காலி வீடு நிறைய இருக்கிற உல்லாச விடுதி மாதிரி இடங்கள்ல இப்படி வரும்னு அவங்க ஆவணத்துலயே எழுதியிருக்கு. படிக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.

காசு கட்டாம படிக்கவும் வழி இருக்கு. 'இன்ட்ரொடக்‌ஷன் டு ஸ்டாட்டிஸ்டிகல் லேர்னிங்' புத்தகம், ஆர் மொழிக்கு 2013ல வந்தது, பைத்தானுக்கு 2023ல. ரெண்டையும் எழுதினவங்களே இலவசமாப் போட்டிருக்காங்க. டிம்னிட் கெப்ருவும் கூட்டாளிகளும் 2018ல வெளியிட்ட 'டேட்டாஷீட்ஸ் ஃபார் டேட்டாசெட்ஸ்' கட்டுரையையும் படிங்க. யார் சேர்த்தா, எதுக்குச் சேர்த்தா, யாரைப் பத்தினதுன்னு டேட்டாகிட்ட கேக்க வேண்டிய கேள்விகளை வரிசையா அடுக்கியிருக்கும்.

மாப்ளகிட்ட ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன். 13 காலமுக்கும் ஆளுக்கொரு வரி, அது என்ன, எங்கிருந்து வந்ததுன்னு எழுதுன்னேன். ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி போன் பண்றான்.

"மாமா, கடைசி காலம் எல்ஸ்டாட். 'அந்தஸ்து குறைஞ்ச' ஜனங்க எத்தனை சதவீதம்னு போட்டிருக்கு. யாருக்கு அந்தஸ்து குறைவுன்னு யார் மாமா முடிவு பண்ணினது?"

போடா, இப்போதான்டா நீ படிக்கவே ஆரம்பிச்சிருக்கேன்னேன்.

டிஸ்கி: அந்தப் பயிற்சி நிலையம் எதுன்னு கேட்டு யாரும் தனிமடல் போடாதீங்க. ஒண்ணு ரெண்டுன்னா பேர் சொல்லலாம் :-)