கண்ணில் அணியும் மருந்து

டிசம்பர் 13-ஆம் நாள் புனித லூசியாவின் திருநாளில், பார்வை இழந்தோருக்காக நாம் செபிக்கிறோம். அவர்களுள் வயலில் பாடுபட்டவர்களும் உண்டு. அறுவடையின்போது நெல் உமியோ கரும்புத் தோகையோ கண்ணில் பட்டால் கருவிழியில் கீறல் விழும். அதில் பூஞ்சை புகுந்தால் புண்ணாகும், பார்வையே போய்விடக்கூடும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நாடமைசின் என்னும் சொட்டு மருந்து நல்ல பலன் தந்தது. அதை எப்படி விட்டார்கள் தெரியுமா? முதல் வாரம், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை! கூலிக்கு நாற்று நடும் ஒரு தாய் மணிக்கொரு தடவை கரையேறி, சேற்றுக் கையைக் கழுவி, மருந்து விட முடியுமா? அப்படியே விட்டாலும், பொதுவாக ஒரு சொட்டில் நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் கண்ணுக்குள் செல்வதில்லை. மீதியைக் கண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மருந்து விட்டதும் தொண்டை கசப்பது இதனால்தான்.

ஆகவேதான் மருந்து ஊறிய காண்டாக்ட் லென்ஸ் வேண்டும் என்கிறோம். செக்கோஸ்லோவாக்கிய அறிஞர் ஓட்டோ விக்டர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் வைத்தே மென்மையான லென்ஸை வார்த்தெடுத்தார். (நமது ஆய்வுக்கூடத்தில் அதைவிட அதிகச் சாமான்கள் இருக்கின்றன!) நீரை உறிஞ்சும் அந்த லென்ஸ் மருந்தையும் உறிஞ்சும், ஆனால் சில மணி நேரத்தில் வெளியே விட்டுவிடும். லென்ஸுக்குள் வைட்டமின் ஈ சேர்த்தால் மருந்து மெல்ல மெல்லக் கசியும் என்று புளோரிடா பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். 2022-இல் அமெரிக்க அரசு கண் அரிப்புக்கான மருந்து லென்ஸுக்கு அனுமதி அளித்தது. கண் காயத்துக்கான லென்ஸோ இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

அரிப்புக்கு முதலில் வந்தது எங்களுக்கு வியப்பாக இல்லை. லென்ஸ் வாங்கிப் பழகியவர்களுக்குத்தானே அது! காயம்படுகிறவர்களோ விலை கேட்டதும் திரும்பிப் போய்விடுவார்கள். விலை குறையாது என்றும் சொல்ல முடியாது. 1992-இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், கண்புரை அறுவையில் பொருத்தும் லென்ஸின் விலையை ஏழைக்கும் எட்டும்படி இறக்கிக் காட்டியது. மருந்து லென்ஸையும் அங்கேயே செய்யட்டுமே! ஒன்று மட்டும்: அழுக்குக் கையால் தொட்ட லென்ஸே கண்ணைக் கெடுக்கும். எனவே மருத்துவரே அதைப் பொருத்தி, அவரே எடுக்கவேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நேபாளத்தில் பக்தபூர் கிராமங்களில், கண்ணில் கீறல் பட்டவர்களுக்குத் தொண்டர்கள் குளோராம்பெனிகால் களிம்பைத் தினம் மூன்று வேளையாக மூன்று நாள் போட்டார்கள். காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை என்று 2001-இல் எழுதியிருக்கிறார்கள். கண்ணில் உமி விழுந்தால் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் விடச் சொல்லும் நம் பாட்டிமாரிடம், இந்தக் களிம்பைப் பற்றிப் பக்குவமாக எடுத்துச் சொல்ல நாம் போதுமே.