ஞாபக லேகியம் தேடாதீர்கள்!

சென்ற மாதம் சுரண்டையில் உள்ள என் வைத்தியசாலைக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் நர்சிங் முடித்தவள். ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போக, ஜப்பானிய மொழி படிக்கிறாள். 2021-ல் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் நம் பிள்ளைகளுக்குத் திறந்த வழி இது.

"ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எழுதுதா, ஐயா. காலையில ஒண்ணும் ஞாபகம் இல்லங்கா. மூளைக்கு ஒரு லேகியம் குடுங்க" என்றார் தாய். மகளோ, "விட்டுறலாம்னு இருக்கு, ஐயா" என்று கண் கலங்கினாள்.

நான் லேகியம் கொடுக்கவில்லை. கோளாறு மூளையில் இல்லை, படிக்கும் முறையில்தான்!

ஜப்பானிய மொழியில் ஹிராகனா 46, கடகனா 46 எழுத்துகள். இவற்றைச் சீக்கிரம் பிடித்துவிடலாம். அப்புறம்தான் சீனத்திலிருந்து வந்த 'கான்ஜி' எழுத்துகள். அன்றாடப் புழக்கத்துக்கென்று அந்நாட்டு அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136! ஜப்பானியக் குழந்தைகளே முதல் வகுப்பு முழுக்க 80 எழுத்துதான் படிக்கிறார்கள். இவளோ ஒரே வாரத்தில் நூறை விழுங்கப் பார்த்தாள். அஜீரணம் வராமல் என்ன செய்யும்?

தாய் பீடி சுற்றுகிறவர். "முதல் நாளே ஆயிரம் பீடி சுத்துனீங்களாம்மா?" என்று கேட்டேன். "எங்கய்யா! நூறு சுத்துறதுக்குள்ள பொழுது போயிரும்" என்று சிரித்தார். கை பழகியது தினமும் உட்கார்ந்ததால்தானே?

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில் ஓலைச்சுவடி படிக்கத் திணறியிருக்கிறேன். புள்ளி இருக்காது, சொற்களுக்கு இடைவெளி இருக்காது. தாய்மொழியே அன்னியமாகத் தெரியும். தினம் விடியலில் அரை ஏடு என்று வைத்துக்கொண்ட பிறகுதான் வசப்பட்டது.

அவளுக்கும் அதையே சொன்னேன். தினம் ஐந்து எழுத்து. அதே நேரம், அதே இடம். புதிதைத் தொடும் முன் நேற்றுப் படித்ததையும் போன வாரம் படித்ததையும் பார்க்காமல் எழுதிப் பார். மறந்திருந்தால் அழாதே. யோசித்து மீட்டு எடுக்கும்போதுதான் நன்றாகப் பதியும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் பத்தாக்காதே, ஐந்தே போதும். பத்து மணிக்குப் படுத்துவிடு. படித்ததை மூளை நிலைநிறுத்துவது தூக்கத்தில்தான். வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது உனக்காகப் பரீட்சை எழுதாது!

கான்ஜியில் மனிதனையும் மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 'ஓய்வு' என்று பொருள். மர நிழலில் சாய்ந்திருக்கும் மனிதன்! அந்த எழுத்தை அவள் மறக்க மாட்டாள்.

பெற்றோர்களே, "இன்னிக்கு எத்தனை எழுத்து?" என்று பிள்ளைகளைக் குடையாதீர்கள். "இன்னிக்கு உக்காந்தியா?" என்று மட்டும் கேளுங்கள். அது போதும்.