எழுதப் படிக்கத் தெரியும், எழுதத் தெரியுமா?

"உனக்கு எழுதத் தெரியுமா?" என்று ஒரு கல்லூரி மாணவரைக் கேட்டுப் பாருங்கள். கோபம் வரும். 12 ஆண்டு பள்ளியில் படித்து, கல்லூரிக்கும் வந்துவிட்டவரிடம் கேட்கிற கேள்வியா இது?

ஆனால், "உங்கள் ஊரில் உள்ள ஒரு குறையைப் பற்றி ஒரு பக்கம் எழுது" என்று சொல்லுங்கள். பலருக்குப் பேனா ஓடாது!

அவர்கள் மீது தவறு இல்லை. பள்ளியில் அவர்கள் எழுதிய கட்டுரைகள் பெரும்பாலும் மனப்பாடம் செய்தவை. அது ஞாபக சக்திக்கு வைத்த பரீட்சை. எழுத்துக்கு வைத்த பரீட்சை அல்ல.

இந்தக் குறையைப் போக்க, இப்பொழுது இணைய வழியில் எழுத்துப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. கல்லூரி மாணவர்கள் வீட்டில் இருந்தபடியே சேர்ந்து படிக்கிறார்கள். இதனால் பயன் உண்டா? உண்டு. ஆனால், அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு.

தபாலில் வந்த பாடம்

வீட்டில் இருந்தபடியே படிப்பது புதிது அல்ல. 1840-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் என்பவர் தபால் மூலம் சுருக்கெழுத்துக் கற்றுக் கொடுத்தார். மாணவர்கள் எழுதி அனுப்புவார்கள். அது திருத்தப்பட்டு அவர்களுக்கே திரும்பி வரும்.

இந்தியாவில் 1962-ல் டில்லி பல்கலைக்கழகம் தபால் வழிக் கல்வியைத் தொடங்கியது. 2017-ல் மத்திய அரசு "ஸ்வயம்" என்ற இணைய வழிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது.

தபால் போய் இணையம் வந்துவிட்டது. ஆனால், பிட்மன் செய்த வேலையில் உயிரான பகுதி எது? பாடத்தை அனுப்பியது அல்ல. திருத்தித் திருப்பி அனுப்பியதுதான்!

ஆயிரக்கணக்கில் மாணவர்கள்

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம் 2013-ல் இணைய வழியில் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி நடத்தியது. டெனிஸ் கோமர் என்ற பேராசிரியை பாடம் நடத்தினார். மொத்தம் 12 வாரம். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள்.

இத்தனை பேருடைய கட்டுரைகளை ஓர் ஆசிரியை எப்படிப் படிக்க முடியும்? அதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒரு மாணவர் எழுதியதை மற்ற மாணவர்கள் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்து, எழுதியவர் மறுபடியும் எழுத வேண்டும்.

சேர்ந்தவர்களில் முடிவு வரை வந்தவர்கள் சிறு பகுதியினர்தான். காரணம் கண்டுபிடிப்பது கடினம் அல்ல. பாடம் கேட்பது சுலபம். எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதுவது கஷ்டம். அந்தக் கஷ்டத்தில்தான் வளர்ச்சி இருக்கிறது.

ஒரு பஸ், மூன்று வாக்கியம்

அந்த வளர்ச்சி எப்படி இருக்கும்? கிராமத்தில் இருந்து கல்லூரிக்குப் பஸ்சில் போகும் ஒரு மாணவி, இப்படி ஒரு வகுப்பில் சேர்ந்ததாக வைத்துக் கொள்வோம்.

முதலில் அவள் எழுதுகிறாள்: "நாட்டின் முன்னேற்றத்திற்குப் போக்குவரத்து வசதி இன்றியமையாதது."

படித்தவர் கேட்கிறார்: "சரி, உனக்கு என்ன கஷ்டம்?"

அவள் மாற்றி எழுதுகிறாள்: "எங்கள் ஊருக்குப் பஸ் ஒழுங்காக வருவதில்லை."

மறுபடியும் கேள்வி: "எத்தனை மணி பஸ்? வராவிட்டால் என்ன ஆகும்?"

மூன்றாவது முறை எழுதுகிறாள்: "காலை 7.10 மணி பஸ் இந்த வாரம் இரண்டு நாள் வரவில்லை. அடுத்த பஸ் 8.40 மணிக்கு. அதில் போனால் முதல் வகுப்பு முடிந்துவிடுகிறது. எங்கள் ஊரில் இருந்து 14 பேர் இப்படிப் பாடத்தை இழக்கிறோம்."

முதல் வாக்கியத்தை ஓர் அதிகாரியிடம் கொடுத்தால், "உண்மைதான்" என்று தலையை ஆட்டுவார். மூன்றாவதைக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்!

இங்கே வளர்ந்தது எழுத்து மட்டும் அல்ல. தினமும் அதே பஸ்சுக்குக் காத்து நின்றவள், இப்பொழுதுதான் மணியைக் குறித்தாள், ஆட்களை எண்ணினாள். எழுதப் போய், பார்க்கக் கற்றுக் கொண்டாள்.

எந்திரம் எழுதினால்?

"சாட்ஜிபிடி" என்ற எந்திரம் 2022 நவம்பரில் வந்தது. எதைக் கேட்டாலும் நொடியில் கட்டுரையாக எழுதித் தருகிறது. "பிறகு ஏன் இந்தப் பாடு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

நீச்சல் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு, உனக்குப் பதிலாக வேறு ஒருவனைத் தண்ணீரில் இறக்கினால், நீந்தக் கற்றவன் யார்? நீ கரையில்தானே நிற்கிறாய்!

எந்திரத்திடம் சந்தேகம் கேட்கலாம். பிழை பார்க்கச் சொல்லலாம். முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை அதனிடம் விட்டுவிட்டால், கட்டுரை கிடைக்கும், பயிற்சி கிடைக்காது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

எழுத்துப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

வாரத்துக்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும்?

அதை யார் படித்துத் திருத்துவார்?

திருத்திய பிறகு மறுபடியும் எழுதி அனுப்பலாமா?

வெறும் படம் காட்டிவிட்டு, கடைசியில் சான்றிதழ் தருகிறோம் என்றால், அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

இன்னும் ஒன்று. "நாங்கள் அதிகம் படிக்காதவர்கள், பிள்ளைக்கு எப்படி உதவுவது?" என்று தயங்க வேண்டாம். பிள்ளை எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி, "இது எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லுங்கள். பெரிய பேராசிரியர்கள் செய்வதும் இதைத்தான்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்க்கும் விளங்கும்படி ஒரு மாணவர் எழுதிவிட்டால், அவருக்கு எழுதத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.