8 கோடி காகிதங்கள் சொன்ன சாட்சி

மத்திய அமெரிக்காவில் கவுதமாலா என்று ஒரு சின்ன நாடு இருக்கிறது. மெக்சிகோவுக்குத் தெற்கே, மலையும் காடும் நிறைந்த பூமி. காப்பிக்கும் வாழைப்பழத்துக்கும் பேர்போனது. அதன் தலைநகரத்தின் பெயரும் கவுதமாலாதான்.

2005-ம் ஆண்டு ஜூலை மாதம். அந்த நகரத்தில் போலீசுக்குச் சொந்தமான ஓர் இடத்தில் வெடிமருந்து வைத்திருப்பதாக அக்கம்பக்கத்து ஜனங்கள் புகார் செய்தார்கள். வெடித்துத் தொலைத்தால் வீடு வாசல் என்ன ஆவது என்ற பயம் அவர்களுக்கு.

மனித உரிமை அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் பார்வையிடப் போனார்கள். வெடிமருந்தைத் தேடித்தான் போனார்கள்.

கண்ணில் பட்டதோ வேறு!

துருப்பிடித்த பழைய கார்கள் குவிந்து கிடந்த முற்றம். அதை அடுத்துப் பாழடைந்த கட்டடங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் காகிதக் கட்டுகள்! ஓர் அறை, இரண்டு அறை அல்ல, அறை அறையாகக் காகிதம். மழைத் தண்ணீர் ஒழுகிப் பூஞ்சை பிடித்திருந்தது. எலியும் வௌவாலும் குடியிருந்தன.

பிறகு கணக்கிட்டுப் பார்த்தார்கள். சுமார் 8 கோடி பக்கங்கள்!

அத்தனையும் போலீஸ் தஸ்தாவேஜுகள். 1882-ம் ஆண்டிலிருந்து 1997 வரை, நூற்றுப் பதினைந்து வருஷத்துக் காகிதங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சில வருஷங்களுக்கு முன்பு உண்மை அறியும் கமிஷன் இதே காகிதங்களைக் கேட்டபோது, "அப்படி எதுவும் எங்களிடம் இல்லை" என்ற பாவனையில் சர்க்கார் தரப்பு கையை விரித்திருந்தது.

36 வருஷச் சண்டை

அந்தக் காகிதங்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும்.

கவுதமாலாவின் பூர்வ குடிகள் மாயா மக்கள். அவர்களுக்குச் சொந்தமாக 20-க்கு மேற்பட்ட மொழிகள் உண்டு. நல்ல நிலமெல்லாம் பெரிய பண்ணைக்காரர்களிடமும், அமெரிக்காவின் யுனைடெட் புரூட் என்ற வாழைப்பழக் கம்பெனியிடமும் இருந்தது. ஜேகபோ ஆர்பென்ஸ் என்ற ஜனாதிபதி, தரிசாகக் கிடந்த பண்ணை நிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். விட்டார்களா? 1954-ல் அமெரிக்க உளவு இலாகாவின் ஏற்பாட்டில் அவரைக் கவிழ்த்தார்கள். பிரித்துக் கொடுத்த நிலமும் திரும்பப் பறிபோயிற்று.

1960-ல் உள்நாட்டுச் சண்டை மூண்டது. ஒரு பக்கம் ராணுவம், மறு பக்கம் கெரில்லாக்கள். 1996 டிசம்பரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, 36 வருஷம் அது ஓயவில்லை.

கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் 2 லட்சத்துக்கு மேல் என்பது உண்மை அறியும் கமிஷனின் மதிப்பீடு. அடையாளம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயா மக்கள். நடந்த கொடுமைகளில் நூற்றுக்கு 93 சர்க்கார் படைகளும் அவர்களோடு சேர்ந்தவர்களும் செய்தவை. நூற்றுக்கு 3 கெரில்லாக்கள் செய்தவை. கெரில்லாக்களும் கை கழுவிக்கொள்ள முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் ஒரே எடையாக நிறுத்துவதும் நியாயம் ஆகாது.

இந்தக் கமிஷன் 1999 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. 626 படுகொலைகளைப் பட்டியல் போட்டது. ஆனால் அதன் கையைக் கட்டித்தான் வேலைக்கு விட்டிருந்தார்கள். குற்றவாளி யார் என்று பெயர் சொல்லக்கூடாது; கோர்ட்டு நடவடிக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது! சமாதானம் பேசியபோதே போட்ட நிபந்தனை இது. கொலை நடந்தது என்று சொல்லலாம், கொலைகாரன் பெயரைச் சொல்லக்கூடாது என்றால், அது பாதி உண்மைதானே?

பிஷப் கொடுத்த விலை

அதற்கு ஒரு வருஷம் முன்பே, பெயர் சொல்லத் துணிந்த மனிதர் ஒருவர் இருந்தார். பிஷப் ஹுவான் ஜெரார்டி.

மாதா கோவில் சார்பில் அவர் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற தொண்டர்கள் நூற்றுக்கணக்கில் மலைக் கிராமங்களுக்குப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் தாத்தாக்களும் அவரவர் தாய்மொழியில் சொல்லச் சொல்லப் பதிவு செய்தார்கள். 5 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் சேர்ந்தன. நாலு பாகங்களாக அறிக்கை தயாராயிற்று. "இனி ஒருபோதும் வேண்டாம்" என்பதே அதன் தலைப்பு.

1998 ஏப்ரல் 24-ந் தேதி அதை பிஷப் வெளியிட்டார்.

26-ந் தேதி இரவு, அவர் தங்கியிருந்த வீட்டின் கார் கொட்டகையில் அவரை அடித்துக் கொன்றார்கள். கான்கிரீட் துண்டால் முகத்தைச் சிதைத்திருந்தார்கள். அறிக்கை வெளியாகி முழுசாக மூன்று நாள் ஆகவில்லை!

2001-ல் ராணுவத்தைச் சேர்ந்த மூவருக்கும் ஒரு பாதிரியாருக்கும் தண்டனை கிடைத்தது. அந்த நாட்டில் ராணுவ அதிகாரிகள் சாதாரணக் கோர்ட்டில் தண்டனை பெறுவது அதுவரை அபூர்வம்.

பதக்கமே சாட்சி!

இப்போது காகிதக் கட்டுகளுக்கு வருவோம்.

கண்டெடுத்த காகிதங்களைத் துடைக்கவும் அடுக்கவும் ஆட்கள் சேர்ந்தார்கள். முகமூடி, கையுறை, சின்னத் தூரிகை. ஒவ்வொரு தாளாகப் பூஞ்சையைத் தட்டி, பிரித்து, படம் பிடித்தார்கள். வேலை செய்தவர்களில் பலர் காணாமல் போனவர்களின் சொந்தக்காரர்கள். தகப்பன் பெயர் எந்தத் தாளில் இருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்ளத் தூசி தட்டிய பிள்ளைகள் அவர்கள்.

அந்தக் குவியலில் இருந்துதான் பெர்னாண்டோ கார்சியாவின் கதை வெளிவந்தது.

அவர் ஒரு மாணவர்; கண்ணாடித் தொழிற்சாலையில் தொழிற்சங்கப் பிரமுகர். 1984 பிப்ரவரி 18-ந் தேதி காலை வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. வீட்டில் இளம் மனைவி, ஒரு பச்சைக் குழந்தை.

மனைவி நினெத் மாண்டினீக்ரோ போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பிணவறை என்று ஏறி இறங்கினார். எங்கும் ஒரே பதில்: தெரியாது. அவரைப் போல அலைந்த பெண்கள் சேர்ந்து அந்த வருஷமே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1985-ல் சங்கத்தின் தலைவர்கள் இருவரைக் கொன்றார்கள். மற்றவர்கள் பின்வாங்கவில்லை. நினெத் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். கைக்குழந்தையாக இருந்த மகள் வளர்ந்து வக்கீல் ஆனார்.

போலீஸ் காகிதங்களில் கிடைத்தது என்ன தெரியுமா? பதக்கத்துக்குச் சிபாரிசு!

அதே நாள், அதே இடத்தில், காலையில் நடந்த ஒரு "நடவடிக்கை"யில் நன்றாக வேலை செய்ததாக நாலு போலீசாருக்குப் பதக்கம் தரலாம் என்று மேலதிகாரிகள் எழுதி வைத்திருந்தார்கள். ஆட்களின் பெயர் இருந்தது. தேதி இருந்தது. நேரம் இருந்தது. கண்ணால் கண்டவன் பயந்து வாய் மூடிக்கொண்டாலும், பெருமைக்காக எழுதிய காகிதம் காட்டிக் கொடுத்துவிட்டது!

2010 அக்டோபரில் அந்த நால்வரில் இருவருக்குத் தலா 40 வருஷச் சிறை. 2013-ல், அக்காலத்தில் போலீஸ் இலாகாவுக்கே தலைவராக இருந்த கர்னலுக்கும் 40 வருஷம்.

26 வருஷம் "தெரியாது" என்று சொன்ன கதவு இப்படித்தான் திறந்தது. ஆனால் முதல் தீர்ப்பு வந்த அன்றும் பெர்னாண்டோவின் உடல் கிடைத்திருக்கவில்லை.

ஜெனரல் கூண்டில் ஏறினார்

ஜெனரல் ரியோஸ் மாண்ட் 1982 மார்ச் முதல் 1983 ஆகஸ்டு வரை நாட்டை ஆண்டவர். மலைக் கிராமங்கள் மிக அதிகமாக எரிந்தது அந்தக் காலத்தில்தான். பிறகு அவர் பல வருஷம் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதவியே கவசம். 2012 ஜனவரியில் பதவி போயிற்று, கவசமும் கழன்றது.

இக்சில் என்ற மாயா இனத்தவர் 1,771 பேரைக் கொன்றதற்குப் பொறுப்பு என்று வழக்கு. 2013-ல் விசாரணை. சிவப்புப் பாவாடை கட்டிய மலை நாட்டுப் பெண்கள் தலைநகர் கோர்ட்டுக்கு வந்து, தங்கள் மொழியில் சாட்சி சொன்னார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஜெனரல், காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மே 10-ந் தேதி தீர்ப்பு. நீதிபதி யாஸ்மின் பாரியோஸ் வாசித்தார். 80 வருஷச் சிறை! சொந்த நாட்டுக் கோர்ட்டிலேயே இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்ற முதல் நாட்டுத் தலைவர் அவர்தான்.

பத்தே நாள். மே 20-ந் தேதி அரசியல் சட்டக் கோர்ட்டு, விசாரணை முறையில் குறை சொல்லித் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. மறு விசாரணை இழுத்துக்கொண்டே போயிற்று. 2018 ஏப்ரல் முதல் தேதி, 91 வயதில், ஜெனரல் தம் வீட்டில் இறந்தார்.

பிறகு என்ன சாதித்தார்கள் என்று கேட்கலாம். தீர்ப்பைத் தள்ளலாம், ஆனால் அந்தப் பெண்கள் சொன்னதை யார் தள்ள முடியும்? கோர்ட்டுப் பதிவேட்டில் ஏறிவிட்டது, நாடே கேட்டுவிட்டது.

அதே நீதிபதி தலைமை தாங்கிய கோர்ட்டில் 2016-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. செபூர் சார்க்கோ என்ற ஊரில் நிலப் பட்டா கேட்ட குடியானவர்களை ராணுவம் பிடித்துப் போயிற்று. அவர்களுடைய மனைவிமார் முறை வைத்து முகாமுக்கு வந்து சோறாக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும் என்று கட்டளை. அங்கே அவர்களைப் பலாத்காரம் செய்தார்கள். 30 வருஷத்துக்குப் பிறகு, கிழவிகளாகி, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அவர்கள் கோர்ட்டில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு முன்னாள் ராணுவ அதிகாரிக்கு 120 வருஷம், ராணுவத்துக்கு உதவிய ஒருவருக்கு 240 வருஷம். தீர்ப்பைக் கேட்ட பிறகு, கைகளை உயர்த்தினார்கள்.

"பழைய புண்ணைக் கிளறாதே!"

இப்படிச் சொல்கிறவர்கள் அந்த நாட்டில் நிறைய உண்டு. சமாதானம் வந்துவிட்டது, நடந்தது நடந்துபோயிற்று, இனிப் பிழைப்பைப் பார்ப்போம் என்பது அவர்கள் பேச்சு. எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு சொல்கிறார்கள் என்பதற்கில்லை. திரும்பச் சண்டை வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

ஆனால் ஒன்று. மறந்துவிடு என்று சொல்வது, பறிகொடுக்காதவனுக்குச் சுலபம். புருஷன் இருக்கிறானா, தான் விதவையா என்று தெரியாத பெண் எதை மறப்பாள்? செத்தான் என்ற சான்று இல்லாமல் அவன் பேரில் உள்ள காணி நிலத்தைப் பிள்ளைகள் பேருக்கு மாற்றுவதுகூடக் கஷ்டம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காகிதத்தைக் காப்பாற்றுவது ஒரு நாள் வேலை அல்ல. 2018 ஆகஸ்டில் போலீஸ் காகிதக் காப்பகத்தின் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். காப்பகமே என்ன ஆகுமோ என்ற கவலை எழுந்தது. நல்ல வேளையாக அதற்கு முன்பே கோடிக்கணக்கான பக்கங்களைப் படம் பிடித்து, ஒரு பிரதியை ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பியிருந்தார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2011-லேயே சுமார் ஒரு கோடிப் பக்கங்களை யாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டது. ஒரே பெட்டியில் வைத்த நகையை ஒரே திருடன் கொண்டுபோவான் என்று தெரிந்தவர்கள் செய்த காரியம்!

காகிதம் தப்பினாலும் மனிதர்கள் தப்பவில்லை. காணாமல் போன 183 பேரின் படமும் குறிப்பும் கொண்ட ராணுவ நாட்குறிப்பு ஒன்று 1999-ல் வெளியாகியிருந்தது. அது சம்பந்தமான வழக்கை விசாரித்த நீதிபதி, மிரட்டல் தாங்காமல் 2022-ல் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. குற்றம் செய்தவன் ஊரிலே இருக்க, விசாரித்தவர் அயல்நாட்டில் அகதி! இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

எக்ஸ் எக்ஸ்

மண்ணுக்குள் இருப்பதையும் ஒரு கூட்டம் தேடுகிறது. எலும்பு ஆராய்ச்சி நிபுணர்களின் சங்கம் அது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க நிபுணர் கிளைட் ஸ்னோ வந்து இளைஞர்களுக்கு வேலை கற்றுக் கொடுத்தார். இன்று அந்நாட்டு ஆண்களும் பெண்களுமே தோண்டுகிறார்கள், துலக்குகிறார்கள், ரசாயனப் பரிசோதனை செய்கிறார்கள். கோபான் என்ற ஊரில் ராணுவ முகாம் இருந்த இடத்தில் மட்டும் 500-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன.

மாயா பெண்கள் தறியில் தாங்களே நெய்த ரவிக்கை போடுவார்கள். ஊருக்கு ஊர் அதன் பூ வேலை வேறு. மண்ணில் மக்கிய துணியில் மிச்சமிருக்கும் நூலின் நிறத்தைக் கண்டு, இது எங்கள் ஊர் நெசவு என்று சொல்லிவிடுவார்கள். துணியும் மக்கிப்போன இடத்தில் எலும்பும் ரத்த பந்தமும்தான் பேச வேண்டும்.

தலைநகரத்தில் லா வெர்பேனா என்ற இடுகாடு இருக்கிறது. சண்டைக் காலத்தில் பெயர் தெரியாத பிணங்களை அங்கே ஆழமான குழிகளில் தள்ளினார்கள். பதிவேட்டில் பெயர் எழுதும் இடத்தில் "எக்ஸ் எக்ஸ்" என்று இரண்டு எழுத்து மட்டும் போட்டார்கள். அந்தக் குழிகளையும் 2010 முதல் தோண்டினார்கள்.

எலும்பைச் சொந்தக்காரரோடு பொருத்திப் பார்க்க, உயிரோடு இருக்கும் உறவினரின் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு பஞ்சுக் குச்சியைத் தேய்த்து எடுத்தால் போதும். அதற்காக ஜனங்களை அழைத்து விளம்பரம் செய்தார்கள். அந்த விளம்பரத்தில் பேசுவது செத்தவர்தான். "என் பெயர் எக்ஸ் எக்ஸ் அல்ல" என்கிறார் அவர்.

வயதான தாய்மார் மலையிலிருந்து பஸ் ஏறி வந்து வாயைத் திறந்து காட்டுகிறார்கள். ஒரு நிமிஷ வேலை. குச்சியை உறையில் போட்டு எண் எழுதிக்கொள்கிறார்கள். அந்த அம்மாள் திரும்பப் பஸ் ஏறி ஊருக்குப் போகிறாள், தகவல் வரும் என்று காத்திருக்க.