காரணமின்றிக் கட்டும் இரத்தம்

அடிபட்ட நினைவே இல்லாத முதியவர் ஒருவரின் தொடையிலோ முதுகிலோ உள்ளங்கை அகலத்துக்கு இரத்தம் கருநீலமாய்க் கட்டி நிற்கும்போது, தறிக்கட்டையில் இடித்திருக்கும் என்றோ வயோதிகத்தின் இயல்பென்றோ முடிவுசெய்து, களிம்பு கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் பள்ளிபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில் மட்டுமன்றிப் பெரிய நகரங்களிலும் இருந்து வருகிறது. அந்த முதியவர்களுள் அபூர்வமாக ஒருவர், சில நாட்களிலேயே உயிருக்குப் போராட வேண்டிய வியாதியைச் சுமந்தவராக இருக்கக்கூடும்.

ஆண் குழந்தைகளைப் பெரும்பாலும் பற்றி, மூட்டுகளுக்குள் இரத்தம் கசியச் செய்யும் பிறவி ஹீமோபிலியாவை நம் ஜனங்கள் ஓரளவு அறிவார்கள். நான் சொல்ல வந்தது வேறு: எழுபது வயது வரை ஒரு குறையுமின்றி வாழ்ந்தவருடைய சரீரமே, தன் இரத்தத்தை உறையச் செய்யும் எட்டாவது காரணியைப் பகையென மயங்கி, எதிர்ப்புரதங்களை உண்டாக்கி அதை அழித்துவிடுகிற ஹீமோபிலியா. இதில் ஆண் பெண் பேதமில்லை. பிரசவமாகிச் சில வாரங்களோ மாதங்களோ ஆன இளந்தாய்மாருக்கும் வருவதுண்டு. பிரிட்டனில் 2007இல் வெளியான ஆய்வு, பத்து லட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை பேர் என்று கணக்கிட்டது. ஐரோப்பாவில் 501 நோயாளிகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த பதிவேட்டில், பாதிப்பேருக்கு இன்ன காரணமென்று சொல்லவே இயலவில்லை. பிரிட்டனின் விகிதத்தில் பாதியையே கொண்டாலும், ஏழு கோடிக்கு மேற்பட்ட தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஐம்பது பேராவது இருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேருக்கு உயிரோடிருக்கும்போதே நோய் நிர்ணயமாகிறது?

நிர்ணயம் கடினமன்று. ஏபிடிடி என்னும் சாதாரணப் பரிசோதனையில் உறையும் நேரம் நீண்டிருந்து, பிடி என்னும் மற்றதில் சரியாக இருந்தால், நோயாளியின் பிளாஸ்மாவோடு ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவைச் சமமாகக் கலந்து, 37 டிகிரி வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். உறைகாரணியின் குறைவு மட்டுமே காரணமென்றால் கலவை சரியாகிவிடும். எதிர்ப்புரதம் இருந்தாலோ, முதலில் சரியானதுபோல் தோன்றினும் நேரம் செல்லச்செல்ல மீண்டும் நீளும். இரத்தத்தைக் கசியவிடாமல் கட்டியாக்கி அடைக்கும் லூபஸ் எதிர்ப்புரதமும் இதே ஏபிடிடியை நீட்டும். அவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவது கண்ணாடி விரியன் விஷம் என்பது வியக்கத்தக்கது: எட்டாவது காரணியின் துணையின்றியே அவ்விஷம் பத்தாவது காரணியை நேரே தூண்டுவதால், நாம் சொல்லும் ஹீமோபிலியாவில் அந்தப் பரிசோதனை சரியாகவே வரும், லூபஸில் நீளும்.

அதே விரியன் தீண்டியவர்களின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிஷம் வைத்துப் பார்க்கும் முறை நம் அரசு மருத்துவமனைகளில் நெடுநாளாய் வழங்குகிறது. அந்தப் பயிற்சி உள்ள இடத்தில், வெந்நீர்த் தொட்டியும் நல்ல பிளாஸ்மாவும் போதுமான கலவைப் பரிசோதனையும் ஏன் வழக்கமாகக் கூடாது? நீண்ட ஏபிடிடியைக் காகிதத்தில் கண்ட பின்னும், வீங்கிய தசையைக் கீறுவதும் சதைத்துணுக்கு எடுப்பதும் தசையில் ஊசி போடுவதும், நோயைவிட விரைவாக ஆளைக் கொல்லக்கூடும்.

சிகிச்சை இரு பகுதி. எதிர்ப்புரதத்தை ஒடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை மலிவு. அது பலனளிக்கச் சில வாரங்களாகலாம். அதற்குள் பெருகும் இரத்தத்தை நிறுத்த, எட்டாவது காரணியைச் சுற்றிச் செல்லும் விசேஷ மருந்துகள் வேண்டும். அவை சில நாட்களுக்கே லட்சக்கணக்கில் ஆகும். கடன் தாளாமல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர் சிறுநீரகம் விற்ற செய்தியை நாடு 2025 ஜூலையில்தான் கேட்டது. அத்தகைய வாரக்கூலிக் குடும்பத்திடம் இம்மருந்துக்குச் சீட்டெழுதிக் கொடுப்பது சிகிச்சையாகாது.

பிறவி ஹீமோபிலியாவுக்கு உறைகாரணியை இலவசமாகத் தரும் தமிழக அரசு, அந்த நியாயத்தை பின்னாளில் இந்நோய்க்கு ஆளாவோர்க்கும் எழுத்துபூர்வமாக விரிக்க வேண்டும். ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் உள்ள அரசு ஆய்வுக்கூடங்கள் கலவைப் பரிசோதனையை அன்றன்றே செய்து தர வேண்டும். சேலத்திலோ கோவையிலோ சுற்றிச் செல்லும் மருந்து இருப்பில் இருந்து, தொலைபேசியில் கேட்ட அன்றே காவிரிக்கரைப் பள்ளிபாளையம் வரை வந்து சேர வேண்டும்.